துரையின் ஆவிக்கு ஒரு மாளிகை

பேயாக உலவுவதற்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்று வேண்டும். அந்த வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது அங்கே செத்திருக்க வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் கெல்லி மாளிகையின் பிரபலமான ஆவிக்கு இந்த இரண்டு தகுதியும் கிடையாது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தனக்காகக் கட்டத் தொடங்கிய அந்த மாளிகை கடைசிவரை முடியவில்லை. அவர் அதில் பால் காய்ச்சிக் குடிபோகவும் இல்லை. உயிர் பிரிந்தது கடல் கடந்து, போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில். 1926 டிசம்பர், நிமோனியா, வயது 56. அடக்கம் செய்ததும் அங்கேயேதான். ஆனாலும் இரவானால் மேல்மாடி நடைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர் அவர்தான் என்று அந்த வட்டாரத்தில் பலரும் அடித்துச் சொல்கிறார்கள். லிஸ்பனிலிருந்து வந்து போகிறார் போலிருக்கிறது.

அவருக்குத் துணையாக ஒரு சிறுமியும் உண்டு. சுருட்டை முடி, வெள்ளைக் கவுன். அவள்தான் துரையின் மகள் ஹெலன் என்கிறார்கள். ஹெலன் பிறந்தது 1904இல். அப்பா இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குழந்தையாகச் சாகாத ஒருத்தி குழந்தைப் பேயாக வருவது எப்படி என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பேய்க்கதைக்குக் கணக்குப் பிள்ளை கிடையாது.

ஆனால் அந்த மண்ணில் உண்மையிலேயே செத்தவர்கள் இருக்கிறார்கள். மாளிகை கட்டும் வேலையின்போதே கொள்ளைநோயில் விழுந்தவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போன கொத்தனார்கள், தச்சர்கள், ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகள். சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் இவர்கள் பேயாக வருவது அபூர்வம். வந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாக, முகமில்லாமல். பேய் உலகத்திலும் பங்களா துரைக்குத்தான், கூலிக்கு லயம்தானா? ஈப்போவுக்கு வேறொரு வேலையாகப் போன நான் கெல்லி மாளிகைக்குப் போக முடிவு செய்தது இந்தக் கேள்வியால்தான். பேய் பார்க்கும் ஆசையால் அல்ல. (ஆசை கொஞ்சம் இருந்தது. இல்லையென்றால் பொய்.)

ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம். மலேசியத் தமிழர் பேச்சில் கார் என்பது ‘காடி’. காடி ஓட்டிய தம்பி ஈப்போக்காரர், நான்காவது தலைமுறை. ஏறியதுமே, “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டார். காலை உணவை அங்கே அப்படித்தான் விசாரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் தொலைத்துவிட்ட சொல் அங்கே தினமும் புழங்குகிறது.

சாலையின் இருபுறமும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. நடுநடுவே அகலமான நீர்நிலைகள். ஏரிகள் என்று நினைத்தேன். “ஏரி இல்லண்ணே. ஈயம் தோண்டின குட்டை” என்றார் தம்பி. கிந்தா பள்ளத்தாக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். தகர டப்பா என்ற ஒன்று உலகத்துக்கு வேண்டியிருந்தவரை இந்தப் பள்ளத்தாக்குக்குப் பஞ்சமில்லை. தோண்டி முடித்த குழிகளில் மழைநீர் நின்று இன்று தாமரை பூத்துக் கிடக்கிறது.

1890இல் இருபது வயதில் இங்கே வந்து இறங்கினார் வில்லியம் ஸ்மித். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கெல்லாஸ் என்ற சிற்றூர்ப் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, படித்தது பொறியியல். சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்ற நில அளவையாளரிடம் சேர்ந்தார். பேராக்கில் சுமார் ஒன்பதாயிரம் ஹெக்டேர் காட்டைத் திருத்தும் ஒப்பந்தம் பேக்கர் கையில் இருந்தது. அதில் கிடைத்த லாபத்தில் கிந்தா மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கர் காடு வாங்கினார் ஸ்மித். ரப்பர் நட்டார். ஈயத்திலும் கை வைத்தார். தோட்டத்துக்குச் சொந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர்.

நேரம் அவருக்குச் சாதகமாக இருந்தது. பிரேசில் ரப்பரின் நாற்றுகள் 1877இல் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தபோது அவற்றைச் சீந்த ஆளில்லை. மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, கதை மாறிவிட்டது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. காடு வைத்திருந்த துரைகளெல்லாம் திடீர்ப் பணக்காரர்கள் ஆனார்கள். ஸ்மித் 1903இல் ஊருக்குப் போய் ஆக்னஸ் என்ற தன் காதலியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். மறு ஆண்டு ஹெலன். 1909 வாக்கில் ராயா ஆற்றங்கரை மேட்டில் கெல்லாஸ் இல்லம் என்று ஒரு வீடு. 1915இல் ஆண்டனி பிறந்தான். ஆண் வாரிசு வந்துவிட்டது, பழைய வீடு போதாது என்று தோன்றியிருக்கிறது. அதை ஒட்டியே மாளிகை எழும்பத் தொடங்கியது.

மரம் நட்டவர் துரை என்று புத்தகங்கள் எழுதும். மண்வெட்டி பிடித்த கை வேறு. தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக ஆள் எடுக்கும் முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே போவார். பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, மலாயாவில் எதற்கும் குறைவில்லை என்ற பேச்சு. மாமன் மச்சான் என்று ஒரு கூட்டம் அவர் பின்னால் கிளம்பும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல், பினாங்கில் இறக்கம், பக்கத்து ஜெரஜாக் தீவில் தனிமை முகாம், அப்புறம் லாரியோ ரயிலோ தோட்டத்துக்கு. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் அங்கேதான் ஒலித்தது. கல்லறையில் எழுதப்படவில்லை.

பெயர் எழுதிய கல்லறைகளும் இந்த ஊரில் இருக்கின்றன. பத்து காஜாவின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயத் தோட்டத் துரைகளும் சிப்பாய்களும் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பகுதியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக்கொன்ற மூன்று துரைகளின் கல்லறையும் அங்கேதான். அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. புல் வெட்டி, கல் துடைத்து, ஆண்டுதோறும் மாலை வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். தோட்டத்து மயானங்களில் பலவற்றை இன்று செம்பனை என்ற எண்ணெய்ப் பனை மூடிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பூசாத சுவர்

ஆற்றின் மேல் ஒரு சிறு பாலம். அதைக் கடந்து மேடேறினால் மாளிகை. முதல் பார்வையில் எந்த நாட்டுக் கட்டடம் என்று சொல்ல முடியாது. வளைவு ஜன்னல்களில் மூரிஷ் சாயல், தூண்களில் கிரேக்க-ரோமானியச் சாயல், அங்கங்கே நம் ஊர் அரண்மனை. ஆறு மாடி உயரத்துக்கு ஒரு சதுரக் கோபுரம். அருமை என்று சொல்ல மனம் வரவில்லை. பணம் கொட்டிக் கிடந்தபோது பார்த்ததெல்லாம் பிடித்துப்போன ஒருவரின் ரசனை இது. அக்காலத்து வெள்ளைக்காரர்களே இதைக் கெல்லியின் கிறுக்குத்தனம் என்று கேலி செய்திருக்கிறார்கள். இதன் மேல் பரிவு வருவதற்குக் காரணம் அழகல்ல, பாதியில் நின்றுபோனதுதான்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் குடும்பப் படங்கள், விளக்கப் பலகைகள், காலியான அறைகள். சாமான்கள் ஏதுமில்லை. ஆகவே இதை அருங்காட்சியகம் என்பதைவிட, தன்னையே காட்சிக்கு வைத்துக்கொண்டிருக்கும் வீடு என்று சொல்லலாம். ஆள் நுழைய மட்டும் இடமுள்ள மாடிப்படிகள் சுவருக்குள் ஒளிந்து ஏறுகின்றன. நிலவறையில் ஒயின் வைக்க இடம். மேலே உள்விளையாட்டு டென்னிஸ் மைதானமும், விருந்து நடத்த மொட்டைமாடி முற்றமும் திட்டத்தில் இருந்தன. கோபுரத்துக்கு மின்தூக்கி வைக்கவும் ஏற்பாடு. வந்திருந்தால் மலாயாவிலேயே முதல் மின்தூக்கி அதுதான் என்பார்கள். துரை கடைசிப் பயணத்தில் லிஸ்பன் போனது அதை வாங்கத்தான் என்பதும் பரவலான கதை. மின்தூக்கி வரவில்லை, துரையும் வரவில்லை. கோபுரத்துக்குள் மேலும் கீழும் திறந்த வெறும் சதுரக் குழி மட்டும் நிற்கிறது. எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டு, மேலே ஒரு துண்டு வானம், இடையில் காற்று ஏறும் ஓசை. பேய்க்கதை பாதி இந்தக் குழியில்தான் பிறந்திருக்க வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பின்பக்கச் சுவர்தான். முன்பக்கம் ஓரளவு பூசியிருக்கிறார்கள். பின்னால் பல இடங்களில் பூச்சு இல்லை. செங்கல் அப்படியே தெரிகிறது. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. சென்னையிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார் ஸ்மித். பூசி முடித்த கட்டடத்தில் கட்டியவன் கை தெரியாது. கட்டச் சொன்னவனின் ரசனைதான் தெரியும். இங்கே வளைவுக்கு வளைவு செங்கல்லை ஆப்பு வடிவில் தட்டிச் செதுக்கி இறுக்கியிருப்பது தெரிகிறது. வரி பிசகாமல் தூக்குக்குண்டு பிடித்து ஏற்றியது தெரிகிறது. ஓரிடத்தில் சாந்தைக் கரண்டியால் வழித்தெடுக்காமல் விட்ட பிதுக்கம் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. அன்று மாலை வேலை முடிய மணி அடித்திருக்கும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். நூறு ஆண்டு கடந்த அந்தச் சாந்தின் மேல் விரல் வைத்தபோது வந்த சிலிர்ப்பு ஹெலன் அறை என்று சொல்லப்பட்ட அறையில் எனக்கு வரவில்லை.

ஹெலன் அறையில் இளம் மலாய்க்காரத் தம்பதி செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கேமராவைப் பார்த்து மிரளுவதுபோல் நடித்தாள். கணவன் சிரித்தான். சீனப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்று மாடிப்படியில் கூச்சலிட்டபடி ஓடியது. இவ்வளவு சத்தத்தில் எந்த ஆவிக்கும் பகலில் தூக்கம் வராது.

அம்மாளின் கோபம்

1918இல் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் சாவு. மலாயாவில் அதிகம் அடிபட்டவர்கள் தோட்டத்து இந்தியர்கள். ஒரே லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், சில நேரம் அதற்கும் மேல். இருமல் ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை போகாமல் இருக்குமா? மலேரியா அதற்கு முன்பே அங்கே குடியிருந்தது. மலைச்சரிவில் காட்டை வெட்டினால் ஓடைமேல் வெயில் விழும். வெயில் விழும் தெளிந்த ஓடையில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசு மலாயா மலைத் தோட்டங்களின் எமன். கிள்ளான் பகுதியில் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காடு திருத்துவது என்ற வேலையே காய்ச்சலை வளர்க்கும் வேலையாக இருந்தது. நட்டவனுக்கு லாபம், வெட்டியவனுக்குக் காய்ச்சல்.

மாளிகை வேலையாட்களும் அடுத்தடுத்து விழுந்தார்கள். பிழைத்திருந்தவர்கள் துரையிடம் போய்க் கேட்டது மருத்துவமனை அல்ல, கோயில். நாம் இதை மூடநம்பிக்கை என்று எளிதாகத் தள்ளிவிடலாம். ஸ்பானிஷ் காய்ச்சலுக்கு அன்றைக்கு எந்த மருத்துவமனையிலும் மருந்து கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. லண்டனிலும் அதே கைவிரிப்புதான். நோய் வந்தால் மாரியம்மனைக் கும்பிடுவது அவர்கள் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வைத்தியம். நோயைத் தருபவளும் அவள்தான், இறக்குபவளும் அவள்தான். அவளுக்கு இருக்க இடம் கொடுக்காமல் துரைக்கு ஆறு மாடி கட்டினால் கோபப்பட மாட்டாளா?

ஸ்மித் உடனே ஒப்புக்கொண்டார். மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. அதற்கு நன்றியாக வேலையாட்கள் செய்த காரியம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோயிலின் மேல் தெய்வ உருவங்களோடு உருவமாகத் துரையையும் ஒரு சிலையாக நிறுத்திவிட்டார்கள்.

இதில் நாம் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. தேனி, கம்பம் பக்கம் போய்ப் பாருங்கள். 1895இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்குத் தை மாதத்தில் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் குலதெய்வப் படத்தோடு அவர் படமும் தொங்குகிறது. இன்னும் பின்னால் போனால் 1809. ஆரல்வாய்மொழி அரண் சண்டையில் காயப்பட்டுச் செத்த போல் என்ற கும்பினிப் படை அதிகாரியின் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து மக்கள் வழிபட்டதைக் கால்டுவெல் பாதிரியார் பதிவு செய்திருக்கிறார். போல் துரை நல்லது எதுவும் செய்யவில்லை. அகாலமாகச் செத்தார், அவ்வளவுதான். அகாலத்தில் செத்தவனை அலையவிட்டால் பேய், படையல் போட்டால் சாமி. நம் கிராமங்களுக்கு இந்த விஷயத்தில் எப்போதுமே ஒரு தெளிவு உண்டு.

கெல்லி துரைக்கு நடந்ததும் அதுவே என்றால், ஒரு சிக்கல் வருகிறது. கோயிலில் அவருக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. பிறகு மாளிகையில் ஏன் அலைகிறார்? உள்ளூர்க் கதைகளை அடுக்கிப் பார்த்தால் பதில் மெல்லப் புலப்படுகிறது. கோயில் சிலை தமிழர்கள் வைத்தது, துரை உயிரோடிருக்கும்போதே வைத்தது. பேய்க்கதை வேறு கைகளில் வளர்ந்தது. ஸ்மித் இறந்ததும் ஆக்னஸ் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்பினார். வாங்கியது ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு என்ற பெரிய ஆங்கிலேய நிறுவனம். அவர்களுக்கு வேண்டியது ரப்பர் மரம். பாதி மாளிகையை வைத்து என்ன செய்வார்கள்? காடு ஏறியது. மகன் ஆண்டனி இரண்டாம் உலகப்போரில் மாண்டான். ஆளில்லாத வீடு, கூரையில்லாத பழைய இல்லம், சுவரைப் பிளந்த வேர், வௌவால். ஹாலிவுட்டிலிருந்து 1999இல் ‘அன்னா அண்ட் தி கிங்’ படக்குழு வந்தது. அரசாங்கம் சுற்றுலாத் தலமாக்கியது. பேய் இருந்தால்தானே கூட்டம் வரும்? பேய்க்கு நல்ல பெயர் வேண்டும், படம் வேண்டும், வெளிநாட்டு முகம் இருந்தால் இன்னும் நல்லது. ‘சேலம் ஜில்லாக் கொத்தனார் ஒருவரின் ஆவி’ என்று சொன்னால் சீட்டு விற்குமா?

சுரங்கப்பாதைக் கதையும் அப்படித்தான். மாளிகையிலிருந்து ஆற்றுக்கடியில் கோயில்வரை ரகசியப் பாதை இருக்கிறதாம். துரை அதன் வழியாக யாருக்கும் தெரியாமல் போய் அம்மனைக் கும்பிடுவாராம். ஆண்டனி பிறந்ததே அம்மன் கொடுத்த வரம் என்று இன்னொரு கதை. ஆண்டனி பிறந்தது 1915இல். கோயில் கட்டச் சொன்ன கொள்ளைநோய் அதற்குப் பின்னால் வந்தது. வரம் முன்னதாகவே கிடைத்திருக்கிறது!

பேய் பயம் அத்தனையும் கட்டுக்கதையா என்றால், அதுவும் இல்லை. 2003இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் இங்கிலாந்தின் ஹாம்டன் கோர்ட் அரண்மனையிலும், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரப் பாலத்தடி நிலவறைகளிலும் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களை அங்கே நடக்கவிட்டு, எங்கே என்ன உணர்ந்தீர்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். பேய் இருப்பதாகப் பேர் வாங்கிய இடங்களில்தான் மக்கள் உண்மையிலேயே அதிகம் சிலிர்த்தார்கள். குளிர்ச்சி, யாரோ நிற்பது போன்ற உணர்வு எல்லாம் வந்தன. அந்த உணர்வுகள் வெளிச்ச அளவோடும் அறையின் அளவோடும் ஒத்துப்போயின. ஆக, சிலிர்ப்பு பொய்யல்ல. இடம்தான் அதைச் செய்கிறது. கெல்லி மாளிகையின் குறுகலான படி, திடீரென்று விரியும் கூடம், வெயிலிலிருந்து இருட்டுக்குள் ஒரே அடியில் நுழையும் வாசல், கோபுரக் குழியின் காற்று எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் ரோமம் நிற்கும். எனக்கும் நின்றது, ஒயின் நிலவறைப் படியில். ஒரு வௌவால்.

சாமி இருக்கும்போது பேய் எதுக்கு

மாளிகைக்கு வருகிறவர்களில் கோயிலுக்கும் போகிறவர்கள் குறைவு. காடியைத் திருப்பச் சொன்னேன். தம்பிக்குச் சந்தோஷம். “நான் சின்னப் பிள்ளையில திருவிழாவுக்கு வருவேன்ணே. தீ மிதிப்பாங்க” என்றார். செம்பனைத் தோப்பு வழியாகப் பாதை. கித்தா என்று அங்கே சொல்லும் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து ரொம்ப நாளாகிவிட்டது. கித்தாவுக்குப் பால் வெட்டக் கை நிறைய ஆள் வேண்டும். செம்பனைக்குக் குறைவான ஆள் போதும், அவர்களும் இப்போது வங்கதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறார்கள். தோட்டத்துத் தமிழர்கள் தாமான் எனப்படும் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் நகரத்து அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். கோயில்கள் மட்டும் தோப்புக்குள் நிற்கின்றன.

வண்ணம் அடித்துப் பளிச்சென்று இருந்தது கோயில். அண்ணாந்து பார்த்தால் தெய்வங்களுக்கு நடுவே துரை. அவர் முகத்தில் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னால் யாரும் நிற்கும் விறைப்பு. மற்ற சிலைகளுக்கு அடித்த அதே வண்ணத் தூரிகையால் அவருக்கும் உதடு சிவந்திருந்தது.

கோயில் திண்ணையில் ஒரு பாட்டி பூக்கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். பதினாலு வயதில் பால்வெட்டுக்குப் போனவராம். கெல்லி மாளிகைப் பேயைப் பற்றிக் கேட்டேன். நாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேயா? ஐயா, விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, தலையில விளக்கக் கட்டிக்கிட்டு, கித்தாக் காட்டுக்குள்ள தனியாப் போன ஆளுங்க நாங்க. வெயில் ஏறிட்டா பால் ஒழுகாது, நின்னுரும். அதனால இருட்டுலயே வெட்டணும். பாம்பு இருந்துச்சு, பன்னி இருந்துச்சு. அந்தக் காலத்துல எங்கம்மாளுக்குப் புலியே இருந்துச்சாம். தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) இருந்தாரு. இதுல பேய்க்குப் பயப்பட எங்க நேரம்?”

துரை நடக்கிறாராமே மேல்மாடியில் என்றேன்.

“நடக்கட்டுமே. அவரு வீடு.”

உங்க ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வேலையில் செத்தாங்களே, அவங்க யாரும் வர்றதில்லையா என்று கேட்டேன். பாட்டி முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அவங்க எதுக்கு அங்க போவாங்க? செத்தும் அந்த வேலைக்கா போவாங்க? அவங்களுக்குத்தான் இங்க வருசா வருசம் படைக்கிறோமே. தாத்தா பாட்டி எல்லாருக்கும் சேத்துத்தான். பேரு தெரியலன்னா என்ன, சோறு தெரியாதா?”

நான் ஈப்போவிலிருந்து சுமந்துகொண்டு வந்த கேள்வி இப்படி நார் முடிச்சோடு முடிந்துபோனது. கூலிக்குப் பேய்க்கதை இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பேயாக விடாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் அவர்களுக்கு இருந்திருக்கிறார்கள். துரையின் சொந்தங்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். மாளிகைப் பக்கம் அவருக்குச் சோறு வைக்க யாரும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, மாளிகை நிர்வாகம் செய்யாமல் விட்டதை மூடி மறைக்க மாட்டேன். குடும்பப் படங்களுக்கு இடம் இருக்கும் சுவர்களில், அந்த எழுபது கைவினைஞர்களுக்கு ஒரு முழு அறை ஒதுக்கலாம். பெயர்ப் பட்டியல் இல்லாவிட்டாலும் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், சாரம் கட்டும் கயிறு, அவர்கள் வந்த கப்பல் வழியின் வரைபடம் ஆகியவற்றை வைக்கலாம். பின்பக்கச் செங்கல் சுவரைச் சீரமைப்பு என்ற பெயரில் யாராவது ஒருநாள் பூசிவிடாமல் இருக்க வேண்டும். ஆயிரம் பலகைகளைவிட அந்தச் சுவர் பெரிய ஆவணம். பயாஸ்கோப்புப் பேய் காட்டிச் சீட்டு விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வழிகாட்டிப் பலகை நட்டால் போதும். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கைகளால் கட்டப்பட்டவை. ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்றைப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் நடை திறந்திருக்கும்போதே முதலில் கோயிலுக்குப் போய்விடுங்கள். மாளிகையை வெயில் ஏறிய பிறகு, பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். நேரம் மிச்சமிருந்தால் பத்து காஜாவைத் தாண்டி தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய பிரம்மாண்டமான ஈயத் தூர்வாரிக் கப்பலையும் பார்த்துவிட்டு வரலாம். கிந்தா பள்ளத்தாக்கின் பணம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே புரியும்.

திரும்பும்போது தம்பி கேட்டார்: “அப்ப, பேய் பாத்தீங்களாண்ணே?” வௌவாலைச் சொன்னேன். “நீங்க சீட்டுக் காசு வீணாக்கிட்டீங்க” என்று சிரித்தவர், கோப்பேங் சாலையில் நல்ல மீன் தலைக்கறி கிடைக்கும் கடை ஒன்று தனக்குத் தெரியும் என்றார். மணி ஒன்றரை. அங்கே போனோம்.